சம்புப் பாத்தியில் கிருமி வளர்ப்பது எப்படி

எங்கள் கிணற்றுக்கும் குளியலறைத் தண்ணீர் போய் ஊறும் குழிக்கும் இடையில் 30 அடிதான் இருக்கும். மட்டக்களப்பு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கிற யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: காணி சின்னது, மண் முழுக்க மணல், எட்டு அடி தோண்டினால் தண்ணீர், மாரியில் என்றால் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர். குசினித் தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் வாழையடிக்குப் போய்ச் சேரும், அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பாட்டி, பெத்தாதான் ஒரு நாள் கேட்டார். வாளியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "என்ன மனே, கிணத்துத் தண்ணி சவுக்கார மணம் மணக்குது?" என்றார். மணலுக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது, ஊற்றினதை அப்படியே கீழே இறக்கிவிடும். அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் எங்கள் வளவில் இருக்கிற, அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்குகிற பாத்தி. பிறகு கல்லடியில் மச்சான் வீட்டிலும் ஒன்று கட்டினோம். இரண்டிலும் பிழை விட்டுத்தான் படித்தேன், அந்தப் பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சரி, பாத்தி என்றால் என்ன? அடியால் தண்ணீர் ஊறாதபடி கட்டிய நீளமான ஒரு தொட்டி, அதற்குள் சல்லிக்கல், கல்லுக்குள் நட்ட சம்பு. வாவிக்கரையில் கபில நிறச் சுருட்டு மாதிரிப் பூ வைத்துக்கொண்டு நெட்டையாக நிற்குமே, அதுதான் சம்பு. ஒரு தலைப்பால் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும், கல்லுக்குள்ளேயே ஊர்ந்து மூன்று நான்கு நாள் கழித்து மறு தலைப்பால் வெளியே வரும். மேலே தண்ணீர் கண்ணுக்குத் தெரியவே கூடாது. புத்தகத்தில் இதைச் செயற்கை ஈரநிலம் என்று போட்டிருப்பார்கள். ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950களில் நீர்ப்புற்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பார்த்ததில் இருந்து இது ஒரு முறையாக வளர்ந்தது. அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: அங்கே குளிர்காலம் வந்தால் கிருமிகளின் வேலை பாதியாகப் படுத்துவிடும், இங்கே தண்ணீர் வருடம் முழுக்கச் சூடாகவே இருக்கும். அதனால் அவர்கள் கட்டுகிற அளவில் பாதிக்கும் குறைவான இடம் நமக்குப் போதும்.

பாத்தியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தச் செடி நல்லம்?" என்பதுதான். நல்ல கேள்வி, ஆனால் ஐந்தாவதாகக் கேட்க வேண்டியது. தண்ணீரில் இருக்கிற நைதரசனில் செடி உறிஞ்சுகிற பங்கு பத்திலொன்றைத் தாண்டுவது குறைவு. மிச்ச வேலை எல்லாம் கல்லில் வழவழவென்று ஒட்டியிருக்கிற படலத்தில் நடக்கிறது, அந்தப் படலம் முழுக்க நுண்ணங்கிகள். கோழி வளர்க்கிறவர் கூட்டைக் கோழியின் தேவையைப் பார்த்துத்தானே கட்டுவார்? அதே மாதிரி இங்கே ஆழம், கல்லின் பருமன், குழாயின் உயரம் எல்லாமே கிருமியின் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

உள்ளே குடியிருக்கிறவர்கள்

ஒரு வருடம் ஓடின பாத்தியில் தண்ணீர் நுழைகிற பக்கத்தில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். நான் அடிக்கடி செய்கிற வேலை இது, வீட்டில் ஏச்சும் வாங்குவேன். மேல்மட்டக் கல்லில் சாம்பல் நிறத்தில் மூக்குச்சளி மாதிரி ஒரு படலம் இருக்கும். இன்னும் ஒரு சாண் கீழே போனால் கல் கன்னங்கரேல் என்று வரும், கூமுட்டை மணம் அடிக்கும். அந்தக் கறுப்பு இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, கல்லைக் காற்றில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்து பார்த்தால் கறுப்பு மெதுவாகக் கபிலமாக மாறத் தொடங்கியிருக்கும். ஆனால் அதே ஆழத்தில் சம்பு வேர் ஒன்று ஓடியிருந்தால், அந்த வேரின் மேல் மட்டும் துரு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். சம்பின் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன, இலையால் இறங்குகிற ஒட்சிசனில் கொஞ்சம் வேரால் வெளியே கசிகிறது, அது பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கிறது. சுற்றிலும் காற்றே இல்லாத இருட்டு, நடுவே நூல் மாதிரி ஒரு காற்றுப் பாதை. பாத்தியின் இரகசியம் முழுக்க அந்த ஒரு வேரில் பார்க்கலாம்.

ஏனென்றால் உள்ளே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காற்று வேண்டும், மீதிப் பேருக்குக் காற்று ஆகாது.

முதலாவது கூட்டம் சாப்பாட்டு இராமன்கள்: சோற்றுக் கஞ்சி, எண்ணெய், சவர்க்காரம், அழுக்கு என்று எது வந்தாலும் தின்பார்கள். காற்று இருந்தால் வேகமாகத் தின்று காபனீரொட்சைட்டு விடுவார்கள், காற்று இல்லாத இடத்தில் அதே சாப்பாட்டைப் புளிக்க வைப்பார்கள், புளித்ததைத் தின்று மெதேன் விடுகிற ஆட்கள் பின்னால் வருவார்கள். இந்தக் கூட்டத்தை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை, கல்லுக்குள் தண்ணீர் விட்ட இரண்டாம் நாளே வந்துவிடும்.

இரண்டாவது கூட்டம்தான் எனக்குப் பிடித்தது. அழுக்கில் உள்ள புரதமும் சிறுநீரும் உடைந்து அமோனியாவாகிறது. அதை நைத்ரோசோமோனாஸ் வகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், நைத்ரோபக்டரும் நைத்ரோஸ்பைராவும் அதை நைத்திரேற்றாக மாற்றும். இரண்டு படியையும் தனியாகவே செய்து முடிக்கிற நைத்ரோஸ்பைரா ஒன்றை 2015இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேலாக இது இரண்டு பேர் வேலை என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மெதுவான ஆட்கள். மலத்தில் வருகிற ஈ.கோலை நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கும், இவர்களுக்கு அரை நாளில் இருந்து ஒன்றிரண்டு நாள் வரை பிடிக்கும். 1 கிராம் அமோனியா நைதரசனை மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் ஒட்சிசன் தின்பார்கள். தண்ணீரின் காரத்தன்மையையும் தின்பார்கள், அதே 1 கிராமுக்குச் சுண்ணாம்புக்கல் கணக்கில் 7 கிராமுக்குச் சற்று மேல். இந்த இரண்டு கணக்கும் பின்னால் வேலைக்கு வரும்.

மூன்றாவது கூட்டம் அந்த நைத்திரேற்றை எடுத்து வெறும் நைதரசன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். சூடோமோனாஸ், பரகொக்கஸ் எல்லாம் இதில் சேர்த்தி. இவர்கள் மூச்சுக்கு ஒட்சிசன் கிடைத்தால் நைத்திரேற்றைத் தொடவே மாட்டார்கள், அதனால் இவர்களுக்குக் காற்றில்லாத இடம் வேண்டும், அத்தோடு தின்ன ஏதாவது காபன் வேண்டும். கிணறு வைத்திருக்கிறவர்களுக்கு முக்கியமானவர்கள் இவர்கள்தான். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, தாண்டினால் போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் முதலில் ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும்.

கூமுட்டை மணத்துக்குக் காரணமானவர்கள் சல்பேற்றை மூச்சாக எடுக்கிற இன்னொரு கூட்டம். வாவிக்குக் கிட்ட உவர்த் தண்ணீர்க் கிணறு வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பாத்தி கொஞ்சம் கூடுதலாக மணப்பதற்குக் காரணம் இதுதான், உப்புத் தண்ணீரில் சல்பேற்று அதிகம். கடைசியாக, இவர்கள் எல்லோரையும் மேய்ந்து திரிகிற ஒருகல விலங்குகளும் சின்னப் புழுக்களும் இருக்கின்றன. நோய்க்கிருமி குறைவதற்கு இந்த மேய்ச்சல் பெரிய காரணம்.

அளவு

மேசனிடம் அடிக் கணக்கில் சொல்வதுதான் வசதி. ஐந்து பேர் உள்ள வீட்டுக் குளியல், குசினி, சலவைத் தண்ணீருக்கு 20 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். பெருக்கினால் 200 கன அடி, சரியாக இரண்டு கியூப் கல், லொறிக்காரரிடம் சொல்லவும் லேசு. அதில் தண்ணீர் நிற்கிற உயரம் 20 அங்குலம். கல்லுக்கு இடையில் இருக்கிற வெற்றிடம் நூற்றுக்கு 35 முதல் 40 வரை, அந்தக் கணக்கில் உள்ளே ஏறத்தாழ 1,750 லீட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆளுக்கு 100 லீட்டர் வீதம் நாளைக்கு 500 லீட்டர் வந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர மூன்றரை நாள். அது போதும். ஆட்கள் கூடினால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள், ஆழத்தைக் கூட்ட வேண்டாம், வேர் எட்டாத ஆழம் வெறும் கறுப்புக் கிடங்குதான்.

மலக்குழித் தண்ணீரையும் சேர்த்து விடுவதானால் இந்த ஒரு பாத்தி காணாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுவது

முதலில் எண்ணெய்ப் பொறி. நான் முதலாவது தடவை இதைக் கட்டவில்லை, பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக் குசினிக் குழாயை நேரே பாத்திக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது மாதம் முன் தலைப்பில் தண்ணீர் கல்லுக்கு மேல் நின்றது. தோண்டிப் பார்த்தால் மீன் பொரித்த எண்ணெயும் தேங்காய்ப்பால் கொழுப்பும் சேர்ந்து கல்லுக்கு இடையில் மெழுகுவர்த்தி மாதிரி உறைந்து கிடந்தது. நம் சமையலுக்கு எண்ணெய்ப் பொறி இல்லாமல் சரிவராது. மூடி போட்ட ஒரு சின்னத் தொட்டி, நடுவில் அடி திறந்த ஒரு தடுப்பு, அவ்வளவுதான். எண்ணெய் மிதந்து முன் அறையிலேயே நிற்கும், தண்ணீர் அடியால் போகும். கிழமைக்கு ஒரு தரம் மேலால் அள்ள வேண்டும். அதற்கடுத்து எல்லாத் தண்ணீரும் ஒரு நாளாவது நின்று அடையல் படிகிற தொட்டி ஒன்று, சீமெந்து வளையம் இரண்டு இறக்கி அடியைப் பூசினால் வேலை முடிந்தது.

பாத்தியைப் பொலித்தீன் விரித்தும் செய்யலாம், கல் கட்டிப் பூசியும் செய்யலாம். மணல் இடத்தில் குழியின் பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும், அதனால் என் வாக்கு சீமெந்துக் கல்லுக்குத்தான். நான் முதலில் பொலித்தீன்தான் விரித்தேன், அதுவும் ஐப்பசி கடைசியில். கல் லொறி வரத் தாமதம், அதற்குள் மழை பிடித்துவிட்டது, ஒரு காலை எழும்பிப் பார்த்தால் நிலத்தடித் தண்ணீர் கீழால் தள்ளிப் பொலித்தீன் பூரி மாதிரி ஊதிக் கிடந்தது. ஆகவே வேலையைச் சித்திரை, வைகாசியில் தொடங்குங்கள், தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், மாரிக்கு முன் கிருமிகள் குடியேறவும் நாலைந்து மாதம் கிடைக்கும். சுவர் நிலமட்டத்துக்கு ஒரு அடியாவது மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் உள்ளே வந்து சேற்றை நிரப்பிவிட்டுப் போகும்.

அடியில் சாய்வு 20 அடிக்கு இரண்டு அங்குலம் போதும். நுழைகிற பக்கத்திலும் வெளியேறுகிற பக்கத்திலும் ஒன்றரை அடிக்குக் கைப்பிடி அளவுப் பெரிய கல், நடுவில் முக்கால் அங்குலச் சல்லிக்கல். கல்லைக் கழுவித்தான் போட வேண்டும். கழுவாத கல்லின் தூள் அடியில் போய்ச் சீமெந்து மாதிரி இறுகிவிடும். கடற்கரை மணல் மலிவாகக் கிடைக்கிறது என்று அதைப் போட்டு நிரப்ப ஆசைப்படாதீர்கள், ஒரு மாதத்தில் அடைத்துவிடும். மச்சான் வீட்டில் கல்லோடு இரண்டு சாக்கு மட்டி ஓடும் கலந்தோம். ஓடு மெதுவாகக் கரைந்து, இரண்டாவது கூட்டம் தின்று தீர்க்கிற காரத்தன்மையைத் திருப்பிக் கொடுக்கும். முருகைக்கல்லும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அதை எடுப்பது சட்டப்படி தடை, மட்டி ஓடு இருக்கும்போது அது தேவையும் இல்லை.

வெளிக்குழாய்தான் முழுப் பாத்தியின் கடிவாளம். பாத்தியின் அடியில் இருந்து வெளியே வருகிற குழாயில் ஒரு எல்போவைப் பசை போடாமல் மாட்டி, அதில் ஒரு நெட்டைக் குழாய்த் துண்டைச் செருகுங்கள். துண்டை நிமிர்த்தினால் உள்ளே தண்ணீர் ஏறும், சாய்த்தால் இறங்கும். தண்ணீர் மட்டம் கல்லின் மேல்பரப்புக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே நிற்கும்படி வைத்தால் நுளம்புக்கு முட்டையிட இடமே இல்லை. டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள தண்ணி எங்க?" என்று என்னையே கேட்டார். கல்லைக் கிண்டிக் காட்ட வேண்டி வந்தது.

செடி இப்போது. சம்பு வேகமாகப் பரவும், கொஞ்சம் உப்பும் தாங்கும். ஒரு முழ இடைவெளியில் கிழங்கோடு நடுங்கள். வீட்டு முன்பக்கம் என்றால் கல்வாழை பூப்பூத்து அழகாக இருக்கும். வெட்டிவேரும் சரிவரும். ஆகாயத் தாமரை, சல்வீனியா இரண்டையும் வளவுக்குள் எடுக்காதீர்கள், அது மிதக்கிற செடி, இங்கே வேலை இல்லை, வெள்ளத்தோடு வாவிக்குப் போனால் ஊருக்கே தலையிடி.

குடியேற்றுவது

போத்தலில் அடைத்து விற்கிற கிருமிக் கரைசல் ஏதாவது ஊற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். ஊற்றினால் கேடு இல்லை, காசுதான் செலவு. கழிவுத் தண்ணீர் தன் கிருமியைத் தானே கொண்டு வருகிறது, அதில் எது தங்கும் என்பதைப் பாத்தியின் காற்றும் சாப்பாடும் தீர்மானிக்கும். ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பாத்தி ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அங்கிருந்து இரண்டு வாளிக் கல்லைக் கழுவாமல் அள்ளி வந்து முன் தலைப்பில் புதைத்துவிடுங்கள். அந்த மெதுவான இரண்டாவது கூட்டம் அந்தக் கல்லில்தான் வரும். எங்கள் பாத்திக் கல்லில் இரண்டு வாளி இப்போது கல்லடியில் இருக்கிறது.

செடி நட்டு முதல் மூன்று கிழமை நல்ல தண்ணீரும் கொஞ்சம் கழிவுத் தண்ணீரும் கலந்து விடுங்கள், தண்ணீர் மட்டத்தைக் கல்லின் மேற்பரப்புக்குச் சற்றுக் கிட்ட வையுங்கள். வேர் பிடித்ததும் மட்டத்தை மெல்ல மெல்ல இறக்கினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே ஓடும். முதல் மாதத்திலேயே வெளியே வருகிற தண்ணீர் தெளிந்து தெரியும், அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது முதலாவது கூட்டத்தின் வேலை மட்டும்தான். அமோனியா குறைய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

அமோனியா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? அலங்கார மீன் விற்கிற கடையில் தொட்டித் தண்ணீர் பார்க்கிற சோதனைப் பெட்டி கிடைக்கும், அமோனியா, நைத்திரேற்று, பி.எச். மூன்றும் பார்க்கலாம். மீன் வளர்க்கிறவரின் பிரச்சினையும் நம்முடையதும் ஒன்றேதான், அவருடைய வடிகட்டியில் இருப்பதும் இதே பற்றீரியாதான். அமோனியா இல்லாவிட்டால் மஞ்சள் காட்டும், கூடக் கூடப் பச்சை. கழிவுத் தண்ணீர் கடும் பச்சை காட்டும் என்பதால் அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து பார்த்துப் பிறகு பத்தால் பெருக்குங்கள். அமோனியா கூடுதல், நைத்திரேற்று இல்லை என்றால் இரண்டாவது கூட்டத்துக்குக் காற்று போதவில்லை. அமோனியா இல்லை, நைத்திரேற்று கூடுதல் என்றால் மூன்றாவது கூட்டத்துக்குச் சாப்பாடோ காற்றில்லாத இடமோ போதவில்லை. இரண்டும் குறைவு என்றால் நிம்மதியாக இருக்கலாம். பி.எச். ஆறரைக்குக் கீழே இறங்கினால் மட்டி ஓடு போடுங்கள்.

மாமியும் பிளீச்சிங்கும்

மச்சான் வீட்டில் பாத்தி எட்டு மாதம் அழகாக ஓடினது. பிறகு சின்னவனுக்கு வயிற்றோட்டம் வந்தது, உதவிக்கு வந்த மாமி நல்லதுக்கென்று நினைத்து மலசலகூடம், குளியலறை, கான் எல்லாவற்றுக்கும் மூன்று நாள் பிளீச்சிங் தூளைக் கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறார். யாரும் குறை சொல்ல முடியாது, வயிற்றோட்டம் வந்த வீட்டில் அதைத்தான் செய்வார்கள். நாலாம் நாள் வெளிக்குழாய்த் தண்ணீர் பால் மாதிரி கலங்கி வந்தது, செத்த படலம் உரிந்து வருகிறது. ஒரு கிழமையில் தண்ணீர் தெளிந்துவிட்டது, மச்சானும் "சரி, தப்பிச்சம்" என்றார். ஆனால் சோதனைக் குழாயில் அமோனியாப் பச்சை அப்படியே நின்றது. அந்தப் பச்சை பழையபடி மஞ்சளாக ஐந்து கிழமைக்கு மேல் போனது. முதலாவது கூட்டம் நாள் கணக்கில் திரும்பி வந்தது, இரண்டாவது கூட்டம் மாதக் கணக்கில்.

இப்போது அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: கடும் மருந்து ஊற்ற வேண்டிய நாளில் பாத்திக்குப் போகிற வால்வை மூடிப் பழைய ஊறல் குழிக்குத் திருப்பிவிடுவார்கள். நீங்களும் கட்டும்போதே அந்த வால்வைப் போட்டுவிடுங்கள். சாதாரணச் சவர்க்காரம், சட்டி கழுவுகிற திரவம் எல்லாம் பரவாயில்லை. பினாயில், அமிலம், தூரிகை கழுவின தின்னர், பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சின அன்ரிபயோட்டிக் பாணி இவை நான்கும் பாத்திக்குப் போகவே கூடாது.

மலக்குழித் தண்ணீரும் வந்தால்

மலக்குழியில் இருந்து வழிகிற தண்ணீரில் அமோனியா மிகக் கூடுதல். தண்ணீர் கிடையாக ஓடுகிற நம் சம்புப் பாத்திக்குள் வேரால் கசிகிற ஒட்சிசன் அதற்குக் காணவே காணாது, மேலே சொன்ன 4.6 கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆகவே காற்று உள்ளே போகிற மாதிரி இன்னொரு பாத்தியை முன்னால் வைக்க வேண்டும். ஆளுக்கு 15 சதுர அடி, அடியில் ஓட்டை போட்ட குழாயும் அதைச் சுற்றிச் சல்லியும், மேலே இரண்டு அடிக்குக் கழுவின பருமனான ஆற்று மணல். இதில் தண்ணீர் நிற்கவே கூடாது. ஒரு நாளைக்கு நாலு தரம், ஒரே ஊற்றாக மேலே பரவலாக விட்டால் தண்ணீர் வடியும்போது பின்னாலேயே காற்றை இழுத்துக்கொண்டு போகும். மச்சான் வீட்டில் சின்னப் பம்பியும் நேரம் வைக்கிற சுவிச்சும் போட்டிருக்கிறோம். காணி சரிவாக இருந்தால் நிரம்பினதும் தானே கவிழ்கிற வாளி ஒன்று செய்து மின்சாரம் இல்லாமலே ஒப்பேற்றலாம்.

அங்கே இரண்டாவது கூட்டம் அமோனியாவை நைத்திரேற்றாக்கி அனுப்பும், பின்னால் இருக்கிற சம்புப் பாத்தியில் மூன்றாவது கூட்டம் அதை வாயுவாக்கும். ஆனால் ஒரு சிக்கல்: முன் பாத்தியே சாப்பாட்டையெல்லாம் தின்று தீர்த்துவிடுவதால் பின்னால் இருக்கிறவர்கள் பட்டினி. அதற்குக் குளியலறைத் தண்ணீரை நேரே இரண்டாவது பாத்திக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் அமோனியா குறைவு, காபன் இருக்கிறது. அதுவும் காணாவிட்டால் முன் தலைப்பில் தேங்காய்ப் பொச்சு மட்டைத் துண்டைப் புதைத்து வைக்கலாம், மெதுவாக உக்கிச் சாப்பாடு கொடுக்கும்.

வெளியே வருகிற தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். இந்த மாதிரிப் பாத்தி மலக் கிருமியில் நூற்றுக்கு 90 முதல் 99 வரை குறைக்கும், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 100 மில்லிலீட்டரில் பத்து இலட்சம் இருந்தால் 99 குறைந்த பிறகும் பத்தாயிரம் மிச்சம். பச்சையாகத் தின்கிற பயிருக்கு 1,000 என்பது உலக சுகாதார நிறுவனம் 1989இல் வைத்த எல்லை. தென்னைக்கும் வாழைக்கும் மண்ணுக்குக் கீழே விடுங்கள், காய் மேலேதானே இருக்கிறது.

அறுகம்குடாப் பக்கம் விடுதி வைத்திருக்கிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்று: உங்கள் கூட்டம் சித்திரையில் இருந்து புரட்டாதி, ஐப்பசி வரை, மிச்ச மாதம் பாத்தி பட்டினி. அறைகள் நிரம்புகிற அன்றுதான் பாத்தியை எழுப்பினால் மெதுவான கூட்டம் ஒன்றரை மாதம் பின்னால் நிற்கும், ஆகவே மாசியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடத் தொடங்குங்கள். விடுதிக்கும் ஆலைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சட்டம் என்ன கேட்கிறது என்று முதலிலேயே விசாரியுங்கள், ஆறு குளத்துக்கு விடுகிற தண்ணீரில் கரிம அழுக்கைத் தின்னக் கிருமிக்குத் தேவைப்படுகிற ஒட்சிசனின் எல்லை லீட்டருக்கு 30 மில்லிகிராம். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் அவிக்கிற ஆலைக்காரர்கள் இந்த வீட்டு அளவைப் பார்த்துக் கட்டிவிட வேண்டாம். நெல் ஊறின அந்தப் புளிச்ச தண்ணீர் உள்ளே போன மறுநிமிடம் இருக்கிற ஒட்சிசன் எல்லாம் தீர்ந்துவிடும், அதற்கு முன்னால் மூடின தொட்டியில் மெதேன் கூட்டத்திடம் விட்டு எடுக்க வேண்டும், அது வேறு கணக்கு.

மாரியும் கச்சானும்

மழை பெய்தால் கிருமி கழுவுப்பட்டுப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், படலம் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், வேகமாகப் போகிற தண்ணீருக்குத்தான் சுத்தமாக நேரம் கிடைக்காது. கூரைத் தண்ணீரை மட்டும் பாத்திக்குள் விழ விடாதீர்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் பிரச்சினை எதிர்ப்பக்கம்: வெயிலும் காற்றும் சம்பும் சேர்ந்து குடித்து, வெளிக்குழாயால் ஒரு சொட்டும் வராத நாள் வரும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கதிர்காமம் போகிறீர்கள் என்றால் வெளிக்குழாயை நிமிர்த்தி மட்டத்தைக் கூட்டி, நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது இலை மஞ்சளாக இருந்தாலும் வேர் உயிரோடு இருக்கும், கிருமியும்தான்.

சம்பை வருடத்துக்கு இரண்டு தரம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு முழம் விட்டு வெட்டுங்கள், அடியோடு வெட்டினால் மழைத் தண்ணீர் தண்டுக்குள் இறங்கி அழுகும். வெட்டினதை மாட்டுக்காரர் கேட்டால் கொடுங்கள், இல்லையென்றால் தென்னையடியில் போடலாம். இலை உதிர்ந்து கல்லின் மேல் கிடந்தால் ஒன்றும் இல்லை, முன் தலைப்பில் மட்டும் அள்ளிவிடுங்கள்.

ஐந்தாறு வருடத்தில் முன் தலைப்பு அடைக்கத் தொடங்கும். தண்ணீர் கல்லுக்கு மேலே எட்டிப் பார்க்கும், அதுதான் அடையாளம். அப்போது முழுப் பாத்தியையும் கிளறிக் கழுவ ஆளைக் கூப்பிடாதீர்கள், இத்தனை வருடம் வளர்த்ததெல்லாம் ஒரு பின்னேரத்தில் போய்விடும். முன் மூன்று அடிக் கல்லை மட்டும் அள்ளி, குழாய்த் தண்ணீரில் அல்லாமல் பாத்தியின் வெளிக்குழாய்த் தண்ணீரிலேயே ஒரு தரம் அலசித் திரும்பப் போடுங்கள், அலசின கறுப்புத் தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமான தென்னங்குழிக்கு விட்டு மண் மூடிவிடுங்கள், மணம் இரண்டு நாளில் போய்விடும்.